பி நெகட்டிவுக்கு இடம் குடு

அவருக்கு மனிதர்கள் எட்டு வகை. ஆண், பெண், பணக்காரர், ஏழை, ஆபீஸ் போகிறவர், பூ விற்கிறவர் என்று மற்றவர்கள் எப்படி வேண்டுமானாலும் பிரித்துக்கொள்ளட்டும். தி.நகரிலிருந்து பெசன்ட் நகர் போகும் எங்கள் பஸ்ஸின் கண்டக்டர் அதையெல்லாம் ஏற்றுக்கொண்டதில்லை. ஏ, பி, ஏபி, ஓ. ஒவ்வொன்றிலும் ஒரு பாசிட்டிவ், ஒரு நெகட்டிவ். அந்த எட்டுக்குள் மொத்த ஊரும் அடக்கம்.

"ஓ பாசிட்டிவ், படியில தொங்கிக்கினு வராத, உள்ள போ. ஏம்மா பி பாசிட்டிவ், கூடையை அந்தாண்ட நகத்து. யாருப்பா அது புது ஆளு?"

நான் அடையாற்றில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அந்த பஸ்ஸில் புது ஆளாக ஏறினேன். பெண்களுக்குக் கொடுக்கும் இலவசச் சீட்டைக் கிழித்து என் கையில் வைத்தார்.

"காசு வேணாம். குரூப்பு மட்டும் சொல்லு."

நான் விழித்தேன். என் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்த இளைஞன், தன்னைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, "குரூப் டூ எழுதியிருக்கேன் சார், ரிசல்ட் இன்னும் வரலை" என்றான்.

"அந்தக் குரூப்பு இல்ல நைனா. ரத்தம், ரத்தம்."

நான் பி நெகட்டிவ் என்றேன். அவர் அப்படியே நின்றுவிட்டார். வாய்க்குப் போன விசில் பாதி வழியில் நின்றது. டிரைவர் திரும்பிப் பார்த்து, "இன்னாய்யா, ரைட்டா இல்லியா?" என்று கத்தினார். அவருக்கு அது காதில் விழவில்லை. ஜன்னலோரத்தில் காதில் ஒயரோடு உட்கார்ந்திருந்த ஒருவனின் தோளைத் தட்டினார்.

"ஏபி பாசிட்டிவ், எந்திரி. உனுக்கு யாரு ரத்தம் வோணாலும் சேரும், நீ நின்னுக்கினே வரலாம். பி நெகட்டிவுக்கு இடம் குடு."

அவன் சண்டை போடுவான் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை. பழகியவன்போல எழுந்து நின்றான்.

பைத்தியமோ என்று இரண்டு நாள் பயந்தேன். பிறகு பூக்கூடைக்கார அம்மாதான் விஷயத்தைச் சொன்னாள். கண்டக்டரின் ஒரே மகள் யாழினிக்குத் தலசீமியா. உடம்பு தானாக நல்ல ரத்தம் உண்டாக்காது. கைக்குழந்தையிலிருந்தே மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும். அவளுடைய வகை பி நெகட்டிவ். பி நெகட்டிவோ ஓ நெகட்டிவோதான் சேரும். இரண்டும் எளிதில் கிடைக்காது. ஆற்றோரத்துக் குடிசையிலிருந்து கிளப்பப்பட்டு பெருங்குடியைத் தாண்டிக் குடியிருந்த மனிதருக்கு நெகட்டிவ் ஆட்களைத் தேட எந்த ஊரைத் தெரியும்? ஊரே தினமும் அவர் பஸ்ஸில்தான் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பையில் டிக்கெட் வைத்திருந்தவர் வாயில் கேள்வியை வைத்துக்கொண்டார்.

அவரைப் பற்றி டிப்போவில் யாரோ புகார் கொடுத்தார்களாம், கண்டக்டர் பயணிகளின் ரத்தத்தைக் கேட்கிறார் என்று. எழுத்தில் படித்தால் பயங்கரமான புகார்தான். அதிகாரி கூப்பிட்டு விசாரித்தார். வெளியே வந்தவரிடம் டிரைவர், "இன்னா ஆச்சு?" என்று கேட்க, இவர் சொன்ன பதில்: "ஏ பாசிட்டிவ்."

கேள்வி ரத்த வகையோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. இரண்டாவதாக ஒரு கேள்வியும் இருந்தது. கல்யாண வயதில் யாரைப் பார்த்தாலும், "ஏ2 பாத்தாச்சா?" என்பார். அது ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனை. தலசீமியாக் கோளாறைச் சுமக்கிறவர்களை அது காட்டிக்கொடுத்துவிடும். சுமக்கிறவருக்குத் தொந்தரவு பெரிதாக எதுவும் இருக்காது; சுமக்கிற இருவர் சேர்ந்தால்தான் பிள்ளைக்கு ஆபத்து. அவரும் அவர் மனைவியும் அப்படித்தான் ஒன்றும் தெரியாமல் சேர்ந்தார்கள். அதனால் பஸ்ஸில் கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தவர்களுக்கெல்லாம் முதல் ஆசீர்வாதம் ஏ2. ஒருநாள் பின் சீட்டில் ஒரே குடைக்குள் ஒண்டியபடி வந்த பையனையும் பெண்ணையும் பார்த்துக் குனிந்து, ரகசியம்போல, "ஏ2 பாத்தாச்சா? பாத்துட்டு மேல பேசுங்க" என்றார். அந்தப் பெண் நிமிர்ந்து, "அண்ணா, இவன் என் தம்பி" என்றாள். கோட்டூர்புரம் நூலகம் வரும்வரை பஸ் சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. "தம்பியா இருந்தா இன்னா? அவனுக்கும் நாளைக்கிக் கண்ணாலம் ஆவுமில்ல?"

நான் எங்கே வேலை செய்கிறேன் என்று தெரிந்துகொண்டதும் அவர் பாடு கொண்டாட்டம். பெசன்ட் நகரில் பஸ் நிற்கும் இடைவெளியில் டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டார்.

"உங்க லேப்புல இன்னா செய்றீங்க?"

"வெட்டி ஒட்டுறது சரியா நடக்குதான்னு பாக்கிறோம்ணா" என்றேன்.

அவருக்குப் புரிகிற மாதிரி சொல்ல முயன்றேன். உடம்பு எதைச் செய்ய வேண்டுமென்றாலும் முதலில் மரபணுவைப் பார்த்து ஒரு நகல் எடுத்துக்கொள்கிறது. ஆர்.என்.ஏ என்று அதற்குப் பெயர். அந்த நகலில் வேண்டிய பகுதிகளுக்கு நடுநடுவே வேண்டாத பகுதிகளும் கலந்திருக்கும். செல் வேண்டாததை வெட்டி எறிந்துவிட்டு வேண்டியதை மட்டும் ஒட்டி வைத்துக்கொள்ளும். வெட்டு சற்றுத் தள்ளி விழுந்தால் போச்சு; ஒட்டி வருவது உளறலாக இருக்கும். தசை வலுவிழக்கும் நோய்களில் சில, கண் பார்வை போகும் நோய்களில் சில, சில புற்றுநோய்கள் என்று இந்த வெட்டுப்பிழையிலிருந்து கிளம்புகிறவை ஏராளம்.

"எம்பொண்ணுக்கு ஐவிஎஸ் ஒன் ஃபைவுன்னு டாக்டர் சொன்னாரு. ரூட்டு நம்பர் மாதிரி கீதேன்னு மனசுல வச்சிக்கினேன். அதுவும் இதுதானா?"

அதுவும் இதுதான். எங்கள் கூடத்தில் தினமும் அடிபடும் பெயர் அது. நம் நாட்டில் தலசீமியா உள்ளவர்களிடம் அதிகம் தென்படுகிற மாற்றம். ஹீமோகுளோபினுக்கான மரபணுவில், வெட்டி எறிய வேண்டிய முதல் பகுதியில், ஐந்தாவது எழுத்து மாறியிருக்கும். அது மாறியதால் செல்லுக்கு எங்கே வெட்டுவதென்று தடுமாற்றம். தப்பான இடத்தில் வெட்டிவிடுகிறது. சரியான ஹீமோகுளோபின் உண்டாவதில்லை.

அவர் டீக் கிளாஸைக் கீழே வைத்தார். அவ்வளவு கோபமாக அவரை நான் பார்த்ததில்லை.

"இரும்மா. தப்பு எங்க கீதுன்ன? தூக்கிப் போடற துண்டுலயா?"

"ஆமாண்ணா."

"எப்படியும் தூக்கித்தானே போடப் போற? அதுல ஒரு எழுத்து இப்படி இருந்தா இன்னா, அப்படி இருந்தா இன்னா? குப்பையில தப்புன்னு சொல்லி எம்பொண்ண படுக்கப் போடுவாங்களா?"

யார் போடுகிறார்கள் என்று நான் சொல்வேன்? கொஞ்ச நேரம் கழித்து அவரே சமாதானமானார். "சரி வுடு. பெருங்குடியில குப்பைமேடு எரிஞ்சா எங்கூட்டுக்குள்ளதானே பொகை வருது. குப்பைதானேன்னு சொல்லிக்கினு இருக்க முடியுதா?"

மறுநாள் காலை சைதாப்பேட்டை தாண்டுவதற்குள் பஸ் முழுவதற்கும் ஆர்.என்.ஏ பாடம் நடந்து முடிந்துவிட்டது. அவர் சொன்னதில் பாதி தப்பு. வெட்டுகிறது செல் இல்லை, டாக்டர்கள்தான் என்று பூக்கார அம்மா புரிந்துகொண்டு அவர்களைத் திட்டினாள். திருத்துவதற்காக நான் எழுந்து நின்றேன். "பி நெகட்டிவ் நிக்கக் கூடாது" என்று உட்கார வைத்துவிட்டார்.

இதைச் சரிசெய்ய மருந்து உண்டா என்று கேட்டார். குழந்தைகளுக்கு வரும் ஒரு தசை நோயில் இந்த வெட்டைத் திருத்த மருந்து வந்திருக்கிறது, தலசீமியாவுக்கு இந்த வழியில் இன்னும் ஆராய்ச்சிதான் நடக்கிறது என்றேன்.

"நடக்குதுன்னா, எந்த ஸ்டாப்புல கீது?"

"கிளம்பிடுச்சுண்ணா. டிராஃபிக்."

அது அவருக்குப் போதுமானதாக இருந்தது. சென்னையில் டிராஃபிக்கை நம்பாதவர் யார்?

என்னைக் கண்டுபிடித்ததில் அவருக்கிருந்த பெருமை அதிக நாள் நீடிக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அடையாற்றில் பள்ளிக்கூடமொன்றில் ரத்ததான முகாம். பேரீச்சம்பழப் பொட்டலத்தோடு வாசலில் காத்திருந்து, பெண் வீட்டார் மாப்பிள்ளையை அழைத்துப் போவதுபோல என்னை உள்ளே அழைத்துப் போனார். விரலில் குத்தி ஒரு சொட்டை நீலத் தண்ணீரில் விட்டார்கள். ரத்தம் போதுமானதாக இருந்தால் சொட்டு மூழ்க வேண்டும். என்னுடையது மிதந்தது.

"இன்னொரு தபா வுட்டுப் பாரும்மா" என்று நர்ஸிடம் கெஞ்சினார். அதுவும் மிதந்தது.

அடுத்த சில மாதங்கள் என் ரத்தம் பஸ்ஸின் பொதுப் பிரச்சினை. பூக்கார அம்மா முருங்கைக்கீரை கொண்டுவந்து தந்தாள். ஏபி பாசிட்டிவ் கடலை மிட்டாய் வாங்கி வந்தான். இரும்புச் சத்து மாத்திரை போட்டேனா என்று இவர் விசிலுக்கும் டிக்கெட்டுக்கும் நடுவே கேட்பார். எல்லாம் தின்றும் ரத்தம் ஏறவில்லை. ஒருநாள் அவர் சிரிப்பில்லாமல் பக்கத்தில் வந்து நின்றார்.

"இரும்பு தின்னும் ஏறலன்னா எனுக்கு பயமா கீது. எம்பொஞ்சாதிக்கும் இப்படித்தான் ஏறவே இல்ல. ஏ2 பாத்துடும்மா."

பார்த்தேன். நானும் சுமக்கிறவள்தான். எங்கள் கூடத்திலேயே மரபணுவையும் பார்த்தேன்; அதே எழுத்து. கூடத்தில் கேலி செய்தார்கள். "சாம்பிளே சம்பளம் வாங்குது" என்றார்கள். சுமக்கிறவர்கள் பொதுவாக ரத்தம் கொடுக்கத் தேறுவதில்லை என்று சொன்னபோது அவர் முகம் தொங்கிப்போனது. கஷ்டப்பட்டு நிமிர்த்திக்கொண்டார்.

"பரவால்ல. அப்போ நீ எங்க சொந்தம்."

"இனிமே சீட்டு கிடையாதாண்ணா?"

"டோனர்னு இனி குடுக்க முடியாது. ஆனா ரத்தம் கம்மியா கீது இல்ல, உக்காரு."

அந்தச் சமயத்தில் எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மயிலாப்பூரில் வீடு, பையன் பெயர் ரகு. அவனும் ஏ2 எடுத்துவிடட்டும் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா தயங்கித் தயங்கிச் சொல்லி அனுப்பினாள். இரண்டாம் நாள் ரகுவின் அம்மாவிடமிருந்து போன் வந்தது. ரத்தத்தில் கோளாறு உள்ள பெண் என்று முன்பே சொல்லியிருக்கலாமே என்றார்கள். அதோடு முடிந்தது.

அம்மா அழுதாள். பிறகு அழுகை கோபமாகி, என்னிடம் சொல்லாமல் ஒரு மத்தியானம் தி.நகர் போய், அந்தக் கண்டக்டரை நாலு கேள்வி கேட்க பஸ் ஏறினாள். அந்தக் கேள்விகள் என்னவாயின என்று தெரியாது. திரும்பி வரும்போது அவள் தன் ரத்த வகையையும் மயிலாப்பூர் வீட்டு விலாசத்தையும் அவரிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

அவர் போனார். வார லீவு நாளில், சலவை செய்த வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு. ரகுவின் அம்மா கம்பிக் கதவுக்கு உள்ளேயே நின்று பேசினார்களாம்.

"நீங்க பொண்ணுக்கு யாரு?"

"அது வர்ற பஸ்ஸுல கண்டக்டரும்மா. அந்தப் பொண்ணு நோயாளி இல்லம்மா. தம்பிக்கும் அதே இருந்தாத்தான் யோசிக்கணும். இல்லன்னா பயப்படவே வேணாம். அதுக்குத்தான் டெஸ்ட்டு."

"எங்க பையனுக்கு எதுக்குங்க டெஸ்ட்? அவன் நல்லாத்தானே இருக்கான்?"

"நானும் நல்லாத்தாம்மா கீறேன். எம்பொஞ்சாதியும் நல்லாத்தான் கீறா."

சத்தம் கேட்டு உள்ளிருந்து ரகு வந்தான். இவர் என் கல்யாணத்துக்காக வாதாட வந்த மனிதர். பேச்சும் சரியான கட்டத்தில் இருந்தது. ஆனால் பழக்கம் விடவில்லை.

"தம்பி, உங்க குரூப்பு இன்னா?"

"ஓ நெகட்டிவ்."

அவர் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாராம். அதன் பிறகு கல்யாணப் பேச்சே வரவில்லை.

மறு ஞாயிறு ரகு போய் ரத்தம் கொடுத்தான். அப்படியே ஏ2வும் பார்த்தாயிற்று. அவனுக்கு எதுவும் இல்லை. ஒரு சாயங்காலம் என் ஆராய்ச்சிக்கூட வாசலில் வந்து நின்றான். தனக்குக் கோளாறு இல்லை, பிள்ளைகளுக்கு நோய் வராது, அம்மாவிடம் பேசிச் சரிசெய்துவிடலாம் என்றான்.

"உங்கம்மா போன் பண்ணி வேண்டாம்னு சொன்னப்ப நீங்க எங்க இருந்தீங்க?" என்று கேட்டேன்.

"பக்கத்து ரூம்ல."

"கேட்டுச்சா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். வருத்தம் எனக்கு இருந்தது. ஆனால் கண்டக்டருக்கு இருந்த அளவு இல்லை. ஒரு வாரம் என்னிடம் முறைப்பாகவே பேசினார்.

"நல்ல பையம்மா. அவசரப்பட்டுட்ட."

"அவன் நல்லவன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஓ நெகட்டிவ்மா!"

நான் ஒரு நல்ல வரனைத் தட்டிக் கழித்துவிட்டேன் என்று பஸ்ஸே பேசிக்கொண்டது.

அந்த வருடம் டிசம்பரில் விடாத மழை. அடையாற்றில் தண்ணீர் பாலத்தடியை எட்டிக்கொண்டிருந்தது. யாழினிக்கு அன்று ரத்தம் ஏற்றும் நாள். காலையில் அவளைத் தன் பஸ்ஸிலேயே கூட்டி வந்து ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டு அவர் வேலையைத் தொடர்ந்தார். மழைநாள் என்றால் கண்டக்டருக்கு லீவு கிடைக்காது. மத்தியானம் எனக்கு போன் செய்தார். முன்னும் பின்னும் ஹாரன் சத்தம்.

"எடுத்து வச்ச பாட்டிலை ஒரு பிரசவ கேஸுக்குக் குட்துட்டாங்களாம். உசுரு போற நேரம், குடுக்காம முடியுமா? பாப்பா தனியா கீது. அதோட அம்மா வர்ற வழியெல்லாம் தண்ணி. நீ கிட்டத்துலதானே கீற?"

போனேன். யாழினியை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். கல்லூரி முதல் வருடம். உதடு காகிதம்போல வெளுத்திருந்தது. படி ஏறி வந்ததற்கு இன்னும் மூச்சு வாங்கினாள். பக்கத்தில் உட்கார்ந்து பஸ்ஸில் எனக்குத் தெரிந்த நெகட்டிவ்களுக்கெல்லாம் போன் செய்தேன். வேளச்சேரிக்காரர் ஒருவர் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி மன்னிப்புக் கேட்டார். மற்றவர்களுக்கு லைன் கிடைக்கவில்லை. கடைசியில், வேறு வழியில்லாமல், ரகுவுக்கு அடித்தேன்.

மயிலாப்பூரிலிருந்து எப்படி வந்தானோ, முழங்கால் வரை சுருட்டிய பேன்ட்டும் கையில் செருப்புமாக வந்து நின்றான். என்னைப் பார்த்துத் தலையசைத்தான். "எந்த ரூம்?" என்று மட்டும் கேட்டான். கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது அவன் போன் அடித்தது. "ஆமாம்மா, ஆஸ்பத்திரியிலதான். முடிஞ்சிடுச்சு, வரேன்" என்று சத்தமாகவே சொன்னான். போகும்போது எனக்கும் ஒரு டீ வாங்கி வைத்துவிட்டுப் போயிருந்தான்.

"இவருதான் அந்த ஓ நெகட்டிவா?" என்று யாழினி கேட்டாள்.

"உனக்கெப்படித் தெரியும்?"

"பஸ்ல வர்ற எல்லாருக்கும் தெரியுமேக்கா." சிரித்தாள், சிரிக்கவும் அவளுக்குத் தெம்பு போதவில்லை. "எங்கப்பா என் வியாதிய டிக்கெட்டு மாதிரி கிழிச்சிக் கிழிச்சிக் குடுக்கிறாரு. காலேஜ்ல ஒருத்தி வந்து, எங்க மாமா ரத்தம் உனக்கு ஏறிச்சாமே, நாம சொந்தமான்னு கேக்குறா. மானமே போவுது."

"வீட்லயும் இப்படித்தான் பேசிக்கிட்டே இருப்பாரா?"

"வூட்லயா?" அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். "வூட்ல வாயே தொறக்க மாட்டாருக்கா. நான் சாப்புடறப்போ எதிர்ல உக்காந்து என் நகத்தையே பாத்துக்கினு இருப்பாரு. வெளுத்துடுச்சான்னு. நான் கையை மூடிக்குவேன்."

ரகுவின் ரத்தத்தைச் சோதித்து முடிக்க நேரமாகும் என்றார்கள். அதற்குள் வேறொரு ரத்த வங்கியிலிருந்து ஒருவர் மழைக்கோட்டுக்குள் வைத்து ஒரு பி நெகட்டிவ் பையைக் கொண்டுவந்து சேர்த்தார். பொருத்தம் பார்த்து, சாயங்காலம் ஏற்ற ஆரம்பித்தார்கள். ரகு கொடுத்தது வேறு யாருக்கோ என்று உள்ளே போயிற்று.

பெசன்ட் நகரில் பஸ் நின்றதும் கண்டக்டர் போனில் கூப்பிட்டார். "ஏறுதா?"

"ஏறுதுண்ணா."

"ரகு தம்பியுதா?"

"இல்லண்ணா. அது வேற யாருக்கோ போகும். இது வேற யாரோ குடுத்தது."

"யாரு?"

"தெரியாதுண்ணா. பேரெல்லாம் சொல்ல மாட்டாங்க."

"இன்னாம்மா இது," என்றார், நிஜமான எரிச்சலோடு. "யாருன்னே தெரியலன்னா நான் யாரை எழுப்பி யாருக்கு எடம் குடுக்கறது?"

எனக்குச் சிரிப்பு வந்தது. போனை யாழினியின் காதோடு சேர்த்து வைத்தேன். அவள் "அப்பா" என்றாள். அவர் "ம்" என்றார். அவளும் "ம்" என்றாள். அவ்வளவுதான் பேச்சு. டிரைவர் எங்கோ கத்துவது கேட்டது. கண்டக்டர் போனைத் துண்டிக்க மறந்து அப்படியே சட்டைப் பைக்குள் போட்டுவிட்டார் போலிருக்கிறது. கரகரவென்று துணி உரசும் சத்தம், தகரக் கூரையில் மழை, யாரோ குடையை உதறியதற்கு யாரோ திட்டுவது, பஸ் உறுமிக் கிளம்புவது. எல்லாம் அந்தச் சின்னக் கருவிக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தன.

நான் போனை எடுக்கக் கை நீட்டினேன். யாழினி கண்ணை மூடியபடியே, வேண்டாம் என்று தலையசைத்தாள்.